மலையில் கதை, பெங்களூரில் வேலை: சோலிகர் கதைகளைக் காக்க உதவ நினைப்பவர்களுக்கு

பிலிகிரி ரங்கன் மலைக் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே காணிக்கையாக வரும் பெரிய தோல் செருப்பைப் பார்த்திருப்பீர்கள். ரங்கசாமி காடெல்லாம் நடப்பார், செருப்பு தேயும், புதுசு வேண்டும். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அவர் பெருமாள். அந்த மலையின் பழங்குடிகளான சோலிகருக்கு அவர் வீட்டு மாப்பிள்ளை. குசுமாலெ என்ற சோலிகப் பெண்ணைக் கட்டியவர் என்பதால் அவரை 'பாவா' என்று முறை சொல்லி அழைக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் மச்சான். சாமியை முறை வைத்துக் கூப்பிடும் உரிமை அந்தக் கதையிலிருந்து வருகிறது. கதை மறந்துபோனால் அந்த உறவும் போய்விடும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இந்தக் கதைகளைக் காக்க ஏதாவது செய்ய முடியுமா என்று நம் தமிழ் ஆட்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். நான் அல்சூரில் இருக்கிறேன். நாங்கள் நான்கைந்து பேர் ஏழு வருடமாக மலைக்குப் போய்வருகிறோம். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். ஆனைமலை மழைக்காட்டின் காடர்களிடமோ அகத்தியமலைக் காணிகளிடமோ போக நினைப்பவர்களுக்கும் வழிமுறை பெரிதாக மாறாது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம், சுமார் 180 கிலோமீட்டர், என்பதால் சோலிகரை வைத்தே சொல்கிறேன். தாளவாடி, ஆசனூர் பக்கம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் இதே மக்களைத்தான் நாம் சோளகர் என்கிறோம்.

புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியது

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம் அது. அடிவாரத்தில் முள்காடு, ஏற ஏற இலையுதிர் காடு, உச்சியில் புல்வெளியும் சோலையும் பசுமைமாறாக் காடும். ஒவ்வொரு குலத்துக்கும் காட்டுக்குள் ஒரு 'எல்லே' உண்டு. நம் எல்லை என்ற சொல்தான். அந்த எல்லேக்குள் தேவரு, மாரம்மா, வீரு என்று தெய்வங்களுக்கான இடங்கள், முன்னோருக்கான கல்லுகுடி, தண்ணீருக்கு அப்பி. கதைகள் இந்த இடங்களில்தான் ஊன்றி நிற்கின்றன. பார்கவி ஆற்றங்கரையில் நிற்கும் தொட்ட சம்பிகே என்ற மாபெரும் செண்பக மரத்தை ஊர்த்திண்ணையில் உட்கார்ந்து வர்ணிப்பதும், அதன் வேரடியில் நின்று சொல்வதும் ஒன்றில்லை.

1974இல் அந்தக் காடு சரணாலயம் ஆனபோது காட்டுக்குள் இருந்தவர்களை வெளியே குடியமர்த்தினார்கள். வழக்கமாக வைக்கும் 'தரகு பெங்கி', அதாவது கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் வைக்கும் சிறு தீ, நின்றுபோனது. அதனால்தான் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2006இல் காட்டுப்பொருள் சேகரிக்கத் தடை வந்தது. 2011இல் புலிகள் காப்பகம் ஆனது. அதே 2011இல் வன உரிமைச் சட்டத்தின்படி பல கிராம சபைகள் சமூக வன உரிமையும், அதாவது காட்டுப்பொருள் சேகரிக்கவும் காட்டைப் பேணவும் ஊருக்குள்ள உரிமையும், பெற்றன. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை பெற்ற முதல் மக்கள் என்று இவர்களைச் சொல்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை, செல்போன் வந்து கதை அழிந்தது' என்று நினைத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் அதிகம். நான் பார்த்தவரை கதை நின்றுபோன இடமெல்லாம் அந்தக் கதையின் இடத்துக்கு நடந்துபோக முடியாமல் போன இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்கும் கேள்விகள் மாறும்.

முதல் மூன்று மாதம் பெங்களூரிலேயே

கன்னடம் பேசுகிறோம், ஆனால் நம்மில் பலருக்குப் படிக்கத் தெரியாது. முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம், பஸ் போர்டையும் கடைப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். சோலிகநுடி தனி மொழி, கன்னடத்துக்கு நெருக்கம், தமிழ்ச் சாயலும் உண்டு. மலைப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது கன்னட எழுத்து. நாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் அது அவர்களுக்குப் பயன்படாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டின் பல்லவி 'கொரு கொருகா கொருகானா'. இதைத் தமிழில் எழுதினால் முதல் எழுத்தின் ககரத்தைக் 'கொடி'யில் வருவது மாதிரி வல்லொலியாக வாசிப்பதா, 'கோவிந்தா'வில் வருவது மாதிரி மெல்லொலியாக வாசிப்பதா என்று தெரியாது. அது இரண்டாவது வகை. கன்னடத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து இருப்பதால் குழப்பமே வராது.

அடுத்து, ஏற்கனவே பதிவானது என்ன என்று பாருங்கள். சோலிகர், காடர் பற்றிய குறிப்புகள் 1909இல் ஆங்கிலேய அதிகாரி எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதியாக வெளியிட்ட நூலிலேயே இருக்கின்றன. ஆளும் இடத்தில் இருந்தவரின் பார்வை அது, ஆகவே கவனமாகப் படிக்க வேண்டும். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளைப் பதிவு செய்யும் திட்டத்தை 2013இல் தொடங்கியது. அங்கே போய்ப் பேசுங்கள். ராமநகரம் பக்கத்தில் எச். எல். நாகேகவுடா உருவாக்கிய நாட்டார் கலை அருங்காட்சியகமான ஜானபத லோகா இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆவணக் காப்பகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஹெப்பால் பக்கம் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் காப்பகம் நல்ல இடம்.

மூன்றாவது, உங்கள் வீட்டுப் பாட்டியைப் பதிவு செய்யுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. குலதெய்வக் கதையோ கரகம் பற்றிய நினைவோ, பாட்டி எதைச் சொன்னாலும் சரி. அரை மணி நேரம் பதிவு செய்து, ஹெட்போன் போட்டு முழுதாகக் கேளுங்கள். ஃபிரிட்ஜ் உறுமுவது, குக்கர் விசில், தெருவில் தள்ளுவண்டி, இதெல்லாம் கேட்கும். அதைவிட அதிகமாக உங்கள் குரல் கேட்கும். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் 'அப்புறம்?' என்று நீங்கள் குறுக்கே நுழைந்திருப்பீர்கள். மூன்றாவது பதிவில்தான் அது குறையும். குறைந்த பிறகு மலைக்குப் போகலாம்.

அனுமதி

இதில் அவசரப்பட்டு மொத்த வேலையையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் முதல் வருடமும் அப்படித்தான் போனது. பதினோரு பதிவுகளோடு திரும்பி வந்தோம். எதிலும் சொன்னவரின் சம்மதம் இல்லை, எந்தப் போடுவில் எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. (சோலிகர் குடியிருப்பைப் போடு என்பார்கள்.) அவற்றை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் முழுவதும் அவர்களிடமே போய் ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் கேட்க வைத்து, பாதியை அழித்தோம்.

கோயிலுக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம். காட்டுக்குள் நடக்கவும், பதிவு வேலை செய்யவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ராத்திரியில் செக்போஸ்ட் மூடிவிடுவார்கள் என்பதால் பயணத்தைப் பகலில் வையுங்கள். ஆனால் வனத்துறை கொடுப்பது காட்டுக்கான அனுமதிதான். கதைக்கான அனுமதியை ஊர்தான் தரும். முதலில் போடுவின் பெரியவர்கள், அப்புறம் கிராம சபை, கடைசியாகக் கதை சொல்பவர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

என்ன கேட்க வேண்டும்? பதிவு செய்யலாமா என்பது ஒரு கேள்வி. யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா, அச்சிடலாமா, நீங்கள் இறந்த பிறகு யார் முடிவெடுப்பார்கள் என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். தாளில் கைநாட்டு வாங்குவதைவிட, ரெக்கார்டரை ஓடவிட்டு அவர்கள் மொழியிலேயே கேட்டு, பதிலையும் பதிவாக வைத்துக்கொள்வது நல்லது. பதிவைப் போட்டுக் காட்டிய பிறகு மறுபடி ஒரு முறை கேளுங்கள். தன் குரலைக் கேட்ட பிறகு மனசு மாறுகிறவர்கள் உண்டு.

மருந்துச் செடி வரும் கதைகளில் இன்னும் கவனம் வேண்டும். அகத்தியமலையில் 1987இல் காணி இளைஞர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரம் ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு செய்து, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க நல்ல முன்மாதிரி என்று பேசப்பட்ட ஏற்பாடு அது. அதிலேயே, எங்களைக் கேட்கவில்லை என்று சொன்ன காணிக் குடியிருப்புகள் இருந்தன. அப்படியிருக்க, யாரோ ஒருவர் ஒரு கதையை இணையத்தில் ஏற்றிவிட்டால் அதற்குள் இருக்கும் செடியின் பெயரும் பயனும் யாருக்குப் போகும் என்று சொல்லவே முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை தருகிறது. பாடுகிறவருக்கும் சொல்கிறவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை உண்டு. இவை இரண்டையும் ஊர்க் கூட்டத்தில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கருவி

இதில் அதிகம் செலவு செய்யத் தேவையில்லை. கையடக்க ரெக்கார்டர் ஒன்று, சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, காற்றுக்குப் பஞ்சுறை, உபரி பேட்டரி. வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பிக்குக் கொஞ்சம் மேல் வரும், அவ்வளவுதான். எம்பி3 வேண்டாம், அதில் போன ஒலி திரும்ப வராது. வீடியோவை ஊர் கேட்டால் மட்டும் எடுங்கள். கேமராவைப் பார்த்ததும் கதை சொல்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்.

மலையில்

எப்போது போவது என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தேன் எடுக்கும் காலத்தில் ஆண்கள் காட்டில் இருப்பார்கள். காப்பி பறிக்கும் காலத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நமக்கு லீவு கிடைத்த நாள் அவர்களுக்குக் கூலி போகும் நாளாக இருக்கும். கதை சொல்ல உட்காருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மரியாதைக்குப் பழமும் வெற்றிலையும் தனி.

முதல் இரண்டு பயணத்தில் ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். மூன்றாம் பயணத்திலும் கேள்வி கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. அந்தப் போடுவின் பெண்ணோ பையனோ கேட்கட்டும். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வெளியாளிடம் சொல்லும்போது பாட்டி கதையைச் சுருக்கி, கடினமான சொற்களை மாற்றிக் கன்னடத்தில் சொல்கிறார். பேத்தியிடம் சொல்லும்போது சோலிகநுடியில் சொல்கிறார், நடுவில் திட்டுகிறார், 'உங்க அம்மா இதைத் தப்பாச் சொல்லுவா' என்கிறார். நமக்குத் தேவை இந்தப் பதிவுதான்.

ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறேன். நெல்லிக்காய்க் காலம். ஒரு அஜ்ஜி முறத்தில் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். பதினாறு வயதுப் பேத்தி மைக்கைத் தன் தாவணியிலேயே குத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் பேச்சு காயின் விலையைப் பற்றியே போனது. நான் பெங்களூரிலிருந்து இதற்கா வந்தேன் என்ற எண்ணம் வந்தது நிஜம். அப்புறம் அஜ்ஜி ஒரு காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மரம் எந்த எல்லேயில் நின்றது என்று பேத்தியைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து ஆரம்பித்தது. அந்த எல்லே யாருடையது, அங்கே எந்த மாரம்மா, ரங்கப்பா அந்த வழியாக எப்படி வந்தார் என்று இருட்டும்வரை போனது. நடுவில் இரண்டு இடத்தில் பாடினார். பாடும்போது கை நிற்கவில்லை, முறத்தில் காய் விழும் சத்தம் தாளம் மாதிரி பதிவாகியிருக்கிறது. அந்தச் சத்தத்தை நீக்கித் தரவா என்று ஒரு நண்பர் கேட்டார். நீக்க விடவில்லை.

உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த கதையை ஒருவர் வேறு மாதிரிச் சொன்னால் திருத்தாதீர்கள். மாதேஸ்வரன் மலைப் பக்கம் காரய்யனை முன்னோராகச் சொல்லும் கதை உண்டு, ரங்கப்பா கதை உண்டு, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. 'எது சரி' என்ற கேள்வியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் யார் சொன்னது, எங்கே சொன்னது என்ற குறிப்போடு பதிவு செய்வதே நம் வேலை. முடிந்தால் கதை நடந்த இடத்துக்கே அவர்களோடு நடந்துபோய் இன்னொரு முறை பதிவு செய்யுங்கள். ஆனால் அந்த இடத்தின் வரைபடப் புள்ளியை வெளியே கொடுக்காதீர்கள். 'இது உனக்குச் சொல்ற கதை இல்லை' என்று சொன்னால் ரெக்கார்டரை அணைத்து, அணைத்ததைக் காட்டிவிட்டு எழுந்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

வேலையின் பெரிய பங்கு இங்கேதான், அல்சூரிலோ ஜெயநகரிலோ உங்கள் வீட்டு மேசையில். மலைக்கே போக முடியாதவர்களும் இதில் சேரலாம்.

வந்த ராத்திரியே மூன்று பிரதி எடுங்கள். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில், அதில் ஒன்று வேறு வீட்டில். மூன்றாவது போடுவில் இருக்கும் டிஸ்க்குக்கு அடுத்த பயணத்தில் போய்ச் சேரும். கோப்புக்குத் தேதி, போடு, வரிசை எண் வைத்துப் பெயர் கொடுங்கள். கூடவே ஒரு எக்செல் தாளில் சொன்னவர், கேட்டவர், மொழி, இடம், சம்மதம் எதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அன்றே எழுதாவிட்டால் ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடும்.

அப்புறம் எழுத்தாக்கம். எலான் என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கு நேராக வரிவரியாக எழுதலாம். முதல் வரி சோலிகநுடி, கன்னட எழுத்தில். இரண்டாவது கன்னடப் பொருள். மூன்றாவது வேண்டுமானால் தமிழ். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போகும். புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல் நேரத்தைக் குறித்துவிட்டுக் காலியாக விடுங்கள், மலையில் கேட்டு நிரப்பலாம். நாங்கள் அப்படி விட்ட ஒரு காலியிடம் நான்கு மாதம் கழித்துத்தான் நிரம்பியது. அது ஒரு கிழங்கின் பெயர், இப்போது அதைத் தோண்டுகிறவர்கள் குறைவு. நேரம் மிச்சம் என்று பதிவை இணையத்தில் தானாக எழுதித் தரும் சேவைகளில் ஏற்றாதீர்கள். சோலிகநுடி அவற்றுக்குப் பிடிபடுவதில்லை, தப்பும் தவறுமான கன்னடம்தான் வரும். அதோடு, ஏற்றிய குரல் எங்கே போகிறது என்பது உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

நடையைச் சரிசெய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரே வரி நான்கு முறை வந்தால் மூன்றை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். திரும்ப வரும் வரியில்தான் கேட்கிறவர்கள் 'ம்' கொட்டுகிறார்கள், பாடுகிறவர் அடுத்த அடியை நினைவுபடுத்திக்கொள்கிறார்.

திருப்பிக் கொடுப்பது

மெமரி கார்டில் பதிவுகளைப் போட்டு, யூஎஸ்பி ஸ்பீக்கரோடு ஊருக்குக் கொடுங்கள். அங்கே சிக்னல் சரியாக இருக்காது, ஆகவே இணைய இணைப்பு அனுப்புவது கொடுத்ததாக ஆகாது. பெரிய கன்னட எழுத்தில் பதினாறு பக்கப் புத்தகங்கள் அடித்துக் கொடுத்தோம், படங்களை அந்தப் போடுவின் பிள்ளைகள் வரைந்தார்கள். அச்சுக்கு முன் பெரியவர்களுக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் புத்தகத்தில் அவர்கள் மாற்றச் சொன்னது பதினேழு இடம். காப்பகத்தில் வைக்க ஊர் விரும்பினால் முன்பு சொன்ன மைசூர் நிறுவனம் இருக்கிறது, 1982 முதல் இசைப் பதிவுகளைச் சேகரிக்கும் குருகிராம் காப்பகமும் இருக்கிறது. எந்தப் பதிவை யார் கேட்கலாம் என்று நிபந்தனை போட வழியுள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கூடவே அந்த ஊர் இளைஞர்களுக்கு ரெக்கார்டரையும் எலானையும் கற்றுக்கொடுங்கள். இரண்டு பேர் பெங்களூர் வந்து ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கிக் கற்றார்கள். நெல்லிக்காய் அஜ்ஜியின் பேத்தி அதில் ஒருத்தி. இப்போது பதிவு எடுப்பதும் பெயர் வைப்பதும் அவள்தான். நாங்கள் பிரதி எடுத்து, எழுத்தாக்கத்துக்கு உதவுகிறோம்.

போன மாசிக்குப் பிறகு அவள் போன் செய்தாள். அஜ்ஜி இறந்துவிட்டார், அந்த மாலை பாடிய இரண்டு பாட்டில் ஒன்று குடும்பத்துக்குள் மட்டும் இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள் என்றாள். அடுத்த வாரமே எங்கள் இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனோம். அவள் திண்ணையில் உட்கார்ந்து கோப்பைத் தேடி, ஒரு முறை முழுதாகப் போட்டுக் கேட்டாள். முறத்தில் காய் விழும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டிலும் அழித்தாள். ஊர் டிஸ்க்கில் அது இருக்கிறது.